அந்த வருஷம் பெலன் எங்கேருந்து வந்துச்சு

எங்க சபையில யாருக்காவது வீட்டுல பெரிய வருத்தம் வந்தா இப்பல்லாம் என்னையத்தான் போய் கதைக்கச் சொல்றாங்க. "சிஸ்டர், நீங்க கடந்து வந்தீங்க தானே, உங்க சாட்சியச் சொல்லுங்க"ன்னு. எனக்கு சாட்சி சொல்றதுன்னாலே கொஞ்சம் பயம், ஏன்னா மைக்கைக் கையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல கதை முடியணும், முடிவுல சுகம் கெடச்சிருக்கணும், எல்லாரும் அல்லேலூயா சொல்லணும். எங்க வீட்டுக் கதை அப்படி முடியல்ல. இவருக்கு, என் புருஷனுக்கு, 2022ல ஸ்ட்ரோக் வந்துச்சு, எடது கை இன்னைக்கும் வரல்ல. கால் வந்திருச்சு, பொல்லு ஊண்டி நடக்கிறார், பேச்சு கொஞ்சம் கொழறும். அதனால மைக்குல சொல்லாததை இங்க எழுதுறேன், இப்ப அந்த மாதிரி ஒரு காலத்துக்குள்ள நிக்கிற யாருக்காவது உதவினா போதும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க கொட்டாஞ்சேனைல, மூணாம் மாடி, லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட். இவர் பழைய சோனகத் தெருவுல ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு பாத்தவர், நான் ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை, மகள் ஒருத்தி. 2022ன்னா, இலங்கையோட பொருளாதாரமே விழுந்த வருஷம், கொழும்புல இருந்தவங்களுக்கு நான் ஒண்ணும் வெளங்கப்படுத்தத் தேவையில்ல. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், 200 ரூபாயில இருந்த டொலர் ரெண்டு மூணு மாசத்துல 360ஐத் தொட்டுச்சு, பால்மாவுக்கு லைன், பெட்ரோலுக்கு லைன், கேஸுக்கு வெறும் சிலிண்டரை எல்லாம் சங்கிலி போட்டுக் கட்டி ரோட்டோரத்துல வச்சிட்டு ஆக்கள் பக்கத்துலயே காவல் இருந்தாங்க. மருந்தும் அப்படித்தான், ஒரு பாமசியில இருக்கிறது இன்னொண்ணுல இல்ல, இருந்தா விலை கேக்கவே ஏலாது. இவர் ப்ரெஷர் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிச்சு மிச்சம் பிடிச்சிருக்கார், எங்க யார்கிட்டயும் சொல்லல்ல.

சித்திரை வருஷப்பிறப்பு கழிஞ்சு கொஞ்ச நாள்ல காலைல பல் தீட்டும்போது வாயில இருந்த தண்ணி ஒரு பக்கமா ஒழுகியிருக்கு. தூக்கக் கலக்கம்னு நெனச்சிட்டு வந்து கதிரையில இருந்தார். மகள்தான் "அம்மா, அப்பாட வாய் கோணியிருக்கு"ன்னு கத்தினா. கையைத் தூக்கச் சொன்னோம், ஒரு கை வந்துச்சு, மத்தது வரல்ல. 1990ங்கிற ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சோம். இதை இடையில சொல்லிட்டே போறேன், வாய் கோணுறது, ஒரு கை தொங்குறது, பேச்சு கொழறுறது, இதுல ஒண்ணு வந்தாலும் எண்ணெய் தேய்ச்சுப் பாக்கிறது, படுக்க வச்சுப் பாக்கிறது எல்லாம் வேணாம், 1990 ஆம்புலன்ஸ் இலவசம், ரத்தக்கட்டி அடைச்சதால வந்த ஸ்ட்ரோக்குன்னா அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்ளதான் போடலாம், ஸ்கேன் எடுத்துப் பாத்து எல்லாருக்கும் போடவும் மாட்டாங்க, அதனால நேரம்தான் எல்லாம். ஜெபம் ஆம்புலன்ஸுக்குள்ள பண்ணலாம், நான் அப்படித்தான் பண்ணினேன், "யேசப்பா யேசப்பா"ன்னு மட்டும், அதுக்கு மேல ஒரு சொல்லு வரல்ல.

ஆஸ்பத்திரி நாளைப் பத்தி நிறைய எழுதலாம், எழுதப் போறதில்ல. அங்க வேலை செஞ்ச நர்ஸ்மாருக்கும் வந்து போக பெட்ரோல் இல்லாத காலம் அது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கிச்சு. ஒரு பிளாஸ்டிக் கதிரையில இவரை இருத்தி நாலு பேர் மூணு மாடி தூக்கிட்டு வந்தாங்க, அதுக்குப் பிறகு இவரைக் கழுவுறது, உடுப்பு மாத்துறது, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பொரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் நாங்கதான், கரண்ட் இல்லன்னா மோட்டர் ஓடாது, மோட்டர் ஓடாட்டி தண்ணி இல்ல, கீழ இருந்து கேன்ல தூக்கணும். மே 23ஆந் தேதி மகளுக்கு ஓலெவல் எக்சாம் தொடங்குது, அவ சார்ஜ் லைட்ல படிக்கிறா, அந்த லைட்டும் பாதி ராத்திரியில மங்கிப் போகும்.

இந்த நேரம்தான் ஆக்கள் வரத் தொடங்கினாங்க. ஜெபிக்க வந்தவங்களைக் கொறை சொல்றேன்னு நெனைக்காதீங்க, அவங்க அன்போடதான் வந்தாங்க, ஆனா சில பேர் வாயைத் திறந்தா நான் அன்னைக்கு முழுக்க எழும்ப ஏலாமப் போயிருவேன். "ஏதாவது மறைவான பாவம் இருக்கான்னு பாருங்க சிஸ்டர்." "தசமபாகம் ஒழுங்காக் குடுத்தீங்களா?" "உங்களால தாங்க ஏலாததைக் கர்த்தர் தர மாட்டார்." இந்தக் கடைசி வசனத்தை நான் பிறகு பைபிள்ல தேடினேன், 1 கொரிந்தியர் 10:13ல இருக்கிறது சோதனையைப் பத்தி, பாவத்துல விழாமத் தப்பிக்கிற வழியைப் பத்தி. புருஷனுக்கு ஸ்ட்ரோக் வந்தவளைப் பாத்து சொல்றதுக்கு எழுதினது இல்ல. பவுலே 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்துல, ஆசியாவுல எங்க பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்துச்சு, பிழைப்போம்ங்கிற நம்பிக்கையே போயிருச்சுன்னு வெளிப்படையா எழுதுறார். தாங்க ஏலாதது வரும். வந்துச்சு.

யோபுவைப் பாக்க வந்த கூட்டாளிகளைப் பத்தி எல்லாரும் கொறையாத்தான் பேசுவாங்க, ஆனா அவங்க முதல் ஏழு நாள் சரியாத்தான் செஞ்சாங்க, ராவும் பகலும் அவனோட தரையில இருந்து ஒரு வார்த்தையும் பேசல்ல. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைச்சது. கடைசியில கர்த்தர் கோபப்பட்டதும் அவங்க மேலதான், கத்திக் கத்திக் கேள்வி கேட்ட யோபு மேல இல்ல.

ஒரு ஜெபக் குழுவுல இருந்து ஒருத்தர் எண்ணெய் கொண்டு வந்தார். பூசி ஜெபிச்சார், நல்லாத்தான் ஜெபிச்சார், முடிச்சிட்டு "இனி குளிசையை நிப்பாட்டுங்க, அதுதான் விசுவாசம்"ன்னார். எனக்கு அந்த நேரம் வாயே வரல்ல. எங்க மாமி, இவரோட அம்மா, ஒரு மூலையில செபமாலையோட இருந்தாங்க. தலையை நிமித்தாமலே சொன்னாங்க, "எண்ணெய் நீங்க பூசுங்க ஐயா, குளிசை நான் குடுக்கிறேன்." அதோட அவர் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டார். எசேக்கியா ராஜாவுக்கு கர்த்தர் நேரடியாவே சொன்னார், உன்னைக் குணமாக்குவேன், 15 வருஷம் கூட்டித் தருவேன்னு. அதுக்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டு வந்து கட்டி மேல போடச் சொன்னார், 2 இராஜாக்கள் 20ல இருக்கு. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே பக்கத்துல நிக்குது. அதனால யார் என்ன சொன்னாலும் டொக்டரைக் கேக்காம குளிசையை நிப்பாட்டாதீங்க, முக்கியமா ப்ரெஷருக்கும் சீனிக்கும் குடிக்கிறதை.

மாமியைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அவங்க கத்தோலிக்கம், நான் மாதா வணக்கம் இல்லாத சபை. கலியாணம் கட்டின காலத்துல மாதாவைப் பத்தியும் அந்தோனியாரைப் பத்தியும் எங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே முட்டியிருக்கு, அதெல்லாம் இப்ப வேணாம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு செவ்வாய்க்கிழமை தவறாமப் போறவங்க. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்னைக்கு அங்க குண்டு வெடிச்சப்ப மாமிக்கு முகம் தெரிஞ்ச எத்தனையோ பேர் உள்ளுக்குள்ள இருந்தாங்க. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, ஹோட்டல்கள், எல்லாம் ஒரே காலைல. அடுத்த ஞாயிறு கோயில்கள்ல பொதுப் பூசை இல்ல, கர்தினால் தன்னோட இல்லத்துல வச்ச பூசையை டிவியிலதான் பாத்தோம். மாமி டிவிக்கு முன்னால முழங்கால்ல நின்னாங்க, எழும்பினப்ப ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "ஏன் பிள்ளை, உயிர்த்த ஞாயிறுதானா கெடச்சுது அவருக்கு?" அந்த அவர் குண்டு வச்சவனா கடவுளான்னு நான் கேக்கல்ல. ஜூன் 12ஆந் தேதி திருத்தலத்தைத் திறந்து கொடுத்தாங்க, அடுத்த நாள் அந்தோனியார் பெருநாள். மாமி போனாங்க. பதில் கெடச்சிட்டுன்னு போகல்ல, கேள்வியையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அது எனக்கு அப்ப வெளங்கல்ல, 2022லதான் வெளங்கிச்சு.

ஏன்னா எனக்கு சின்ன வயசுல இருந்து சொல்லித் தந்தது, ஜெபம்னா முதல்ல ஸ்தோத்திரம், பிறகு விண்ணப்பம், முணுமுணுக்கக் கூடாது, வனாந்தரத்துல முணுமுணுத்தவங்க மாண்டு போனாங்கன்னு. அப்படியே நானும் மூணு நாலு கிழமை சிரிச்ச முகத்தோட ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், உள்ளுக்குள்ள கல்லு மாதிரி இறுகிப் போச்சு. ஒரு ராத்திரி சும்மா சங்கீதத்தைத் திறந்தா 13, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர்னு தாவீது விடாமக் கேக்கிறார். இன்னொரு நாள் 88. அதை வாசிச்சுப் பாருங்க, மத்த சங்கீதங்கள்ல பெரும்பாலும் கடைசியில எப்படியாவது ஒரு துதி வந்து நிக்கும், இதுல கடைசி வரைக்கும் இருட்டுத்தான். அப்படி ஒரு பாட்டையும் பைபிள்ல வச்சிருக்கார்னா, அதே மாதிரி ஜெபிக்கிறவளையும் அவர் வெளிய தள்ள மாட்டார்தானே. அன்னைக்கு நான் கிச்சன்ல மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்துல இருந்து சத்தம் போட்டே கேட்டேன், என்னென்ன கேட்டேன்னு எழுத மாட்டேன். காலைல ஒண்ணும் மாறல்ல. ஆனா நடிக்கிற களைப்பு போயிருந்துச்சு, அதுவே பாதிப் பாரம்.

வனாந்தரத்துல முணுமுணுத்தவங்க தங்களுக்குள்ளயும் மோசேகிட்டயும் முணுமுணுத்தாங்க, தாவீது நேரா அவர்கிட்டயே போய்க் கேட்டார். இது என்னோட விளக்கம், பாஸ்டர்மார் யாராவது வாசிச்சா திருத்துங்க.

பிறகு, பெலனைப் பத்தி. நான் கேட்டதெல்லாம் மொத்தமா. இந்த வருஷம் முடியிற வரைக்கும் தாங்கிற மாதிரி ஒரே தடவையில ஊத்திரும் ஆண்டவரேன்னு. உபவாசக் கூட்டத்துல அப்படி ஒரு நிறைவு வரும், நெஞ்சு பொங்கும், வீட்டுக்கு வந்து ரெண்டாவது மாடி ஏறும்போதே தீந்து போயிரும். அந்த நேரம் பெட்ரோலுக்கு க்யூஆர் வந்துச்சு, த்ரீவீலுக்கு கிழமைக்கு 5 லீட்டர். எங்க ஒழுங்கையில த்ரீவீல் ஓட்டுற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நானான்னுதான் கூப்பிடுவோம், இவரை க்ளினிக்குக்கு கூட்டிட்டுப் போறதுக்குன்னே ஒரு லீட்டரை எப்பவும் தொடாம வச்சிருப்பார். "அக்கா, கிழமைக்கு அஞ்சுன்னா அஞ்சுதான், அடுத்த கிழமைய அல்லாஹ் பாப்பான், நீங்க இந்தக் கிழமை க்ளினிக்கைச் சொல்லுங்க"ன்னார். வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துல இருந்து வந்த மன்னா அப்பமும் இதே கணக்குத்தான், யாத்திராகமம் 16. அன்னன்னைக்குள்ளதை அன்னன்னைக்குப் பொறுக்கணும், நாளைக்குன்னு ஒளிச்சு வச்சவங்களுக்கு புழு புடிச்சு நாறிப் போச்சு. சேத்து வைக்க ஏலாத மாதிரிதான் அவர் குடுக்கிறார். உபாகமம் 33ல ஒரு சின்ன வரி இருக்கு, "உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்." வருஷத்துக்குத் தக்கதாய்னு இல்ல, நாட்களுக்குத் தக்கதாய். அதுக்குப் பிறகு நான் ஜெபத்தைச் சின்னதாக்கிட்டேன்.

தண்ணிக் கேனைத் தூக்கிட்டு மாடி ஏறும்போது திருப்பத்துல கேனை இறக்கி வச்சு மூச்சு வாங்குவேன்தானே, அங்க ஒரு வரி. முதல் திருப்பத்துல "இன்னைக்கு". அடுத்ததுல அன்னைக்கு செய்ய வேண்டிய ஒரு வேலையோட பேர், "இவரைக் குளிப்பாட்டணும்", "லைட் பில் கட்டணும்", "மகள்கிட்ட எரிஞ்சு விழாம இருக்கணும்". கடைசித் திருப்பத்துல ஆமென். அவ்வளவுதான். இப்படிச் செஞ்சா என்ன நடக்கும்னா, ராத்திரி படுக்கும்போது கேட்டது கெடச்சுதா இல்லையான்னு தெரியும். "எங்களை ஆசீர்வதியும்"னு கேட்டா கெடச்சதே தெரியாது.

இன்னொண்ணு இவரோட கை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வெரல் எல்லாம் உள்ளுக்கு மடிஞ்சு இறுகிப் போயிருச்சு, நகம் உள்ளங்கையில குத்தும், வேர்த்து நாத்தம் வரும். காலைலயும் பின்னேரமும் வெதுவெதுப்பான துணியை வச்சு, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கிப் புடிச்சுக்கிட்டு பெருவிரலை முதல்ல மெதுவா வெளிய எடுத்து, பிறகு ஒவ்வொரு வெரலா விரிக்கணும், இழுக்கக் கூடாது, காத்திருக்கணும், தசை தானா எளகும்போது கொஞ்சம் கொஞ்சமா வரும், ஃபிசியோ மிஸ்தான் காட்டித் தந்தாங்க. இதுக்கு நேரம் போகும். எனக்கு அந்தப் பொறுமை இல்ல, ஆபீஸுக்கு ஓடணும். மாமிதான் செஞ்சாங்க. ஒரு வெரலுக்கு ஒரு அருள்நிறை மரியே, சொல்லி முடியிறதுக்குள்ள வெரல் வந்திரும், வராட்டி இன்னொண்ணு. விரிச்ச கையில செபமாலையை வச்சு மணியை உருட்டப் பழக்கினாங்க. மிஸ்கிட்ட கேட்டா, நல்ல எக்சசைஸ் விடாமச் செய்யுங்கன்னாங்க. சபையில யாராவது வந்தா இவர் கையில செபமாலையைப் பாத்து முகம் சுழிக்கிறது எனக்குத் தெரியும், எனக்கு அது பெரிய விஷயமா இல்ல அப்ப.

சாப்பாடும் நித்திரையும். இதை ஆவிக்குரிய விஷயமா யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்து, போதும் கர்த்தாவே என் உயிரை எடுத்துக்கொள்ளும்னு கேட்டப்ப தூதன் வந்து பிரசங்கம் பண்ணல்ல. தழல்ல சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணியும் வச்சிட்டு எழும்பிச் சாப்பிடுன்னான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துட்டார். திரும்ப எழுப்பி திரும்பச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் கதைக்கிறது எல்லாம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். நாங்க தலைகீழாச் செய்வோம், சாப்பிடாமத் தூங்காம ராத்திரி ஜெபம் பண்ணி, காலைல பிள்ளைக்கு அடிச்சிட்டு, ஏன் சமாதானம் இல்லன்னு கேப்போம். நான் பாணும் பருப்பும்னாலும் நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கினேன். மாமியும் நானும் ராத்திரியை ரெண்டாப் பிரிச்சோம், ஒரு மணி வரைக்கும் அவங்க, அதுக்குப் பிறகு நான்.

அப்பவும் ஒரு கட்டத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல்ல. அழுகையும் வரல்ல, ஜெபமும் வரல்ல, பாட்டுப் பாடினா வாய் மட்டும் அசையும். பஸ்ஸுல இறங்க வேண்டிய இடத்துல இறங்காம சும்மா இருப்பேன். இவரோட க்ளினிக்குல ஒரு டொக்டர் என்னைப் பாத்துட்டு "அம்மா, உங்களுக்கு எப்பிடி?"ன்னு கேட்டாங்க, அப்பதான் அழுகை வந்துச்சு. மனச்சோர்வுன்னாங்க, கொஞ்ச காலம் மருந்து குடிச்சேன். சபையில சொல்ல வெக்கமா இருந்துச்சு, ப்ரெஷர் குளிசைக்கு இல்லாத வெக்கம் இதுக்கு மட்டும் ஏன்னு இப்ப யோசிக்கிறேன். இதை வாசிக்கிறவங்கள்ல யாருக்காவது சாகணும் போல எண்ணம் வந்தா, தேசிய மனநல நிறுவனத்தோட 1926க்கு அடிங்க, ஜெபமும் பண்ணுங்க, ஒண்ணுக்காக ஒண்ணை விடாதீங்க. ஜெபம் வராத அந்த நாட்கள்ல எனக்காக மத்தவங்க பண்ணினாங்க. அமலேக்கோட யுத்தம் நடக்கிறப்ப தூக்கிப் பிடிச்சிருந்த மோசேட கை தளந்து போச்சுன்னு அவரைக் கல்லுல இருத்தி ஆரோனும் ஊர்ங்கிற பேருடையவரும் ரெண்டு பக்கத்துலயும் கையைத் தாங்கினாங்களே, அதுதான். கை தளந்ததுக்கு மோசேயை யாரும் ஏசல்ல.

உதவி வாங்குறது எனக்கு சரியான கஷ்டம். நாங்க குடுத்துப் பழகின குடும்பம்னு ஒரு பெருமை. சபையில இருந்து உலர் உணவுப் பொதி வந்தப்ப, இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னு திருப்பி அனுப்பினேன், அந்த நேரம் வீட்டுல அரிசி ஒரு கொத்துக்கூட இல்ல. அன்னைக்கு மகள் பிலிப்பியர் 4:13ஐக் கலர் பேனையால எழுதி அலுமாரியில ஒட்டியிருந்தா, என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு. எக்சாம் எழுதுற பிள்ளைகள் எல்லாம் ஒட்டுற வசனம். பைபிளை எடுத்து முன்னும் பின்னும் வாசிச்சேன். பவுல் ஜெயில்ல இருந்து எழுதுறார், பட்டினியும் பழகிட்டேன், நிறைவும் பழகிட்டேன்னு சொல்லிட்டுத்தான் இந்த வரி. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் வர்றதுக்கு எழுதினது இல்ல. அடுத்த வசனம் யாரும் ஒட்டாத வசனம், ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறதுன்னு. எல்லாத்துக்கும் எனக்குப் பெலன் இருக்குன்னு சொன்ன அதே மூச்சுல, நீங்க அனுப்பின உதவி நல்லதுங்கிறார். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து கையில குடுத்து அனுப்பின காசை அவர் திருப்பி அனுப்பல்ல. நான் அடுத்த பொதியை வாங்கினேன், வாங்கும்போது முகம் செவந்துதான் போச்சு.

அதுல இருந்து மகளோட பழைய கொப்பி ஒண்ணுல ராத்திரியில எழுதத் தொடங்கினேன், அன்னைக்கு என்ன வந்துச்சு, யார் மூலமா வந்துச்சுன்னு. இப்ப எடுத்துப் பாத்தா சிரிப்பு வருது. "கீழ் வீட்டு அன்ட்டி, தேங்கா ரெண்டு, கறிவேப்பிலை." "நானா காசு வாங்கல்ல." "மாமி பாதி ராத்திரிக்கு மேலயும் முழிச்சிருந்தாங்க, என்னை எழுப்பல்ல." "ஒண்ணும் வரல்ல. கோவம்." "முன் வீட்டு மல்லி (சிங்களத் தம்பி) தண்ணிக் கேன் தூக்கித் தந்தான், சிங்களத்துல ஏதோ பகிடி சொன்னான், வெளங்கல்ல, சிரிச்சேன்." செப்டம்பர் பக்கங்கள்ல எல்லாம் விலைதான் எழுதியிருக்கு, அந்த மாசம் கொழும்புல பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுச்சுன்னு செய்தியில சொன்னாங்க, மண்ணெண்ணெய் அதுக்கு முந்தின மாசம்தான் லீட்டர் 87 ரூபாயில இருந்து 340 ஆச்சு. கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற ஒரே வேலை இந்தக் கொப்பிதான். நன்றி லிஸ்ட் மாதிரி நல்லதை மட்டும் எழுதாதீங்க, வரல்லன்னா வரல்லன்னு எழுதுங்க. அப்பதான் வந்த நாளை நம்புவீங்க.

ரொம்ப நாளா ஒரு விஷயம் எனக்குப் பிடிபடல்ல. இவ்வளவு வந்தும் ஏன் நோவு கொறையல்ல? பெலன் வந்தா மனசு லேசாகணும் தானே? பெரிய வெள்ளி ஆராதனைக்கு வாசிக்கிறதுக்காக லூக்கா 22ஐ எடுத்தப்ப கண்ணுல பட்டுச்சு. கெத்செமனேயில இயேசு ஜெபிக்கிறார், வானத்துல இருந்து ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்துறான், 43ஆம் வசனம். அடுத்த வசனம் என்னன்னா, அவர் இன்னும் வியாகுலப்பட்டு இன்னும் ஊக்கமா ஜெபிச்சார், வேர்வை ரத்தத்துளி மாதிரி தரையில விழுந்துச்சு. தூதன் வந்த பிறகு! நீக்கும்னு அவர் கேட்ட பாடுகளோட பாத்திரமும் நீங்கல்ல. பெலன் வந்தது வியாகுலத்தை எடுக்கிறதுக்கு இல்ல, அடுத்து நடக்க வேண்டியதுக்கு எழும்பிப் போறதுக்கு. நான் ஆறுதலைக் கேட்டுக்கிட்டே இருந்துட்டு பெலன் வரல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். பெலன் தினமும் காலைல வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, எழும்பி தண்ணி தூக்கினேனே. ஆறுதல் எப்பவாவதுதான் வந்துச்சு, இப்பவும் அப்படித்தான். பவுல் தன்னை வருத்தின உபாதையை, முள்ளுன்னு அவர் சொன்னதை, எடுக்கச் சொல்லி மூணு தரம் கேட்டும் எடுக்கல்ல, கிருபை போதும்னு மட்டும்தான் பதில். போதும்னா மிஞ்சல்லன்னுதானே அர்த்தம்.

மகள் பாஸ் பண்ணிட்டா, பெரிய ரிசல்ட் ஒண்ணும் இல்ல, கணக்குல ஒரு சி. இவர் இப்ப வீட்டுலயே இருந்து ரெண்டு கடைக்கு ஒரு கையால கணக்கு எழுதிக் குடுக்கிறார். மாமி இன்னும் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போறாங்க, இப்ப நானும் சில நேரம் துணைக்குப் போய் வெளிய மெழுகுதிரி விக்கிற இடத்துல நிப்பேன், உள்ளுக்குப் போனா எங்க பாஸ்டருக்கு யாராவது சொல்லிருவாங்க.

கடைசியா, இப்படி ஒரு வீட்டுக்குப் போறவங்களுக்கு. ஒண்ணா அஞ்சாறு பேர் போகாதீங்க, கதிரை இருக்காது. நோயாளிக்கு ஹார்லிக்ஸ் போத்தல் வேணாம், எங்க வீட்டுல வரிசையா நின்னுச்சு, பெம்பர்ஸ் வாங்கிட்டுப் போங்க, பெரியவங்க சைஸ், விலை கூட, யாரும் கேக்கவும் வெக்கப்படுவாங்க. ஜெபம் ரெண்டு நிமிஷம் போதும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லாதீங்க, சொல்ல மாட்டாங்க. "வியாழக்கிழமை க்ளினிக் நம்பர் எடுக்க விடிய நான் போய் நிக்கிறேன், நீங்க அவரைக் கூட்டிட்டு எட்டு மணிக்கு வந்தாப் போதும்"னு சொல்லுங்க. சொல்லிட்டு வியாழக்கிழமை போய் நில்லுங்க.